பிரேக் வயர் கட்டிய கிதார்

ஷிகுலுவின் கிதாரில் ஐந்து கம்பிகள்தான் கடையில் வாங்கியவை. ஆறாவது, சைக்கிள் பிரேக் வயரைப் பிரித்து உருவிய ஒற்றை இழை. அதன் குரல் மட்டும் கரகரக்கும். சமையல் எண்ணெயோ சோப்போ வந்திருக்கிறதென்று சேதி பரவினால் ஊரே கடை வாசலில் வரிசை கட்டும் காலம் அது. கிதார்க் கம்பிக்கென்று யார் அந்நியச் செலாவணி ஒதுக்கப்போகிறார்கள்? கரகரப்பு எங்கள் காதுக்குப் பழகிவிட்டது. பின்னாளில் சுத்தமான ஆறு கம்பிகளில் அந்த மாதிரிப் பாட்டைக் கேட்டபோது அதை யாரோ சோப்புப் போட்டுக் குளிப்பாட்டிவிட்டது போல இருந்தது.

அப்பா திருநெல்வேலிப் பக்கம் கணக்கு வாத்தியார். எழுபதுகளில் ஜாம்பியாவும் நைஜீரியாவும் எத்தியோப்பியாவும் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வாத்தியார்களைத் தேடித்தேடி அழைத்துக்கொண்டிருந்தன. அப்பாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அம்மாவையும் என்னையும் அம்மாவின் வீணையையும் கூட்டிக்கொண்டு கிட்வேக்கு வந்து சேர்ந்தார். ஜாம்பியாவின் வடக்கே தாமிரச் சுரங்கங்கள் வரிசையாக நிற்கும் காப்பர்பெல்ட்டில் உள்ள ஊர். அக்டோபர் வெயிலில் தெருவெல்லாம் ஜக்கரண்டா பூத்து ஊதாவாகக் கிடக்கும். வீட்டுக் கொல்லையில் மாமரமும், என்னைவிட உயரமான ஒரு கறையான் புற்றும் இருந்தன. ராத்திரியில் சுரங்கத்து உலைக் கசடை, கசடே குவிந்து எழுந்த கருமலையின் மேல் கவிழ்க்கும்போது அந்தப் பக்கத்து வானம் சட்டென்று சிவக்கும். புதிதாக வந்த வாத்தியார் குடும்பங்கள் அதைத் தீ விபத்தென்று நினைத்து வெளியே ஓடிவருவார்கள். நாங்கள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டோம்.

ஷிகுலு எங்கள் வரிசை வீடுகளுக்கு இரவுக் காவல். ஷிகுலு என்றால் பெம்பா மொழியில் தாத்தா. குழந்தைகள் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டோம். அம்மாவுக்கு அவர் ‘பெரியவர்’. அவருக்கு அம்மா ‘பா மாயோ’, அப்பா ‘பா டீச்சர்’. என்கானா சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதற்கும் முன்னால், இளவட்டமாக இருந்தபோது, எல்லைக்கு அந்தப்புறம் காங்கோவின் கட்டங்காவில் கூலிக்கு இருந்தவர். அங்கேயும் தாமிரம்தான். நடுவில் கோடு போட்டவர்கள் பெல்ஜியக்காரர்களும் ஆங்கிலேயர்களும். வேலை தேடிப் போகிறவர்களுக்கு அது ஒரே மண்.

பொழுது சாய்ந்ததும் ம்பாவுலாவில் கரி மூட்டுவார். ஓட்டை போட்ட தகர அடுப்பு. கை கொஞ்சம் சூடேறியதும் கிதாரை எடுப்பார். கழுத்தில் குறுக்காக ஒரு பென்சிலை வைத்து, சைக்கிள் ட்யூப் வாரால் இறுக்கிக் கட்டுவார். சுருதி ஏறிவிடும். தன் குரலுக்குத் தக்கபடி பென்சிலை ஒரு மெட்டு மேலே, ஒரு மெட்டு கீழே என்று நகர்த்துவார். கிதாரின் வட்டத் துளைக்குள் எட்டிப் பார்த்தால் மங்கிய லேபிள் ஒன்று தெரியும்: காலோடோன். கீழே, பிளக்காது என்பதற்கு உத்தரவாதம். நான் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆங்கில வாசகங்களில் அதுவும் ஒன்று.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் செய்த மலிவுக் கிதார் அது. சுரங்கத்துக்கும் பண்ணைக்கும் போய் ஊர் திரும்பும் கூலிக்காரர்கள் கையில் போர்வையோடும் சைக்கிளோடும் அப்படி ஒரு கிதாரும் வரும். அதே காலோடோன் கப்பலேறி இங்கிலாந்துக்கும் போயிருக்கிறது என்று வெகுகாலம் கழித்துத் தெரிந்தது. 1957 ஜூலை 6 அன்று லிவர்பூலில் ஒரு சர்ச் விழாவில் பதினாறு வயது ஜான் லென்னன் கையில் இருந்தது காலோடோன் சாம்பியன்தான். அன்று லென்னனும் கூட்டாளிகளும் வாசித்துக்கொண்டிருந்தது ஸ்கிஃபிள். அமெரிக்கக் கறுப்பர்களின் நாட்டுப் பாட்டையும் ப்ளூஸையும் இங்கிலாந்து விடலைகள் மலிவுக் கிதாரில் போட்டு அடித்த சங்கீதம் அது. அந்த அலையைக் கிளப்பிவிட்ட ‘ராக் ஐலண்ட் லைன்’ பாட்டை 1934-இல் ஆர்கன்சாஸ் சிறைக் கைதிகள் பாட, நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் ஜான் லோமாக்ஸ் பதிவு செய்திருந்தார். கறுப்பினப் பாடகர் லெட்பெல்லி அதைத் தன் பாட்டாக ஆக்கிக்கொண்டார். ஆப்பிரிக்காவிலிருந்து கட்டி இழுத்துப்போன மனிதர்களின் வாரிசுகள் பாடிய பாட்டு, ஆப்பிரிக்காவில் செய்த கிதாரில் லிவர்பூலில் ஒலித்திருக்கிறது. யாரும் திட்டம் போட்டுச் செய்ததல்ல.

ஷிகுலுவின் வலது கையைச் சொல்ல வேண்டும். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும், அவ்வளவுதான். மற்ற மூன்று விரல்கள் சும்மா மடங்கிக் கிடக்கும். அதில் ஒன்று சுரங்கத்தில் பாதி போனது. கட்டைவிரல் கீழ்ச்சுரங்களில் தன்பாட்டுக்கு நடந்துகொண்டே இருக்கும். ஆட்காட்டி விரல் மேலே, அதற்குச் சம்பந்தமே இல்லாதது மாதிரி, ஒரு மெட்டைச் சொல்லும். கண்ணை மூடிக்கொண்டால் இரண்டு பேர். மூன்றாவது ஆள் நான்: என் கையில் ஒரு காலி ஃபாண்டா பாட்டிலும் ஸ்பூனும் இருக்கும். தட்டிக்கொண்டே இருப்பதுதான் வேலை. ஆனால் எங்கே தட்டுவது? கட்டைவிரலைப் பிடித்தால் ஆட்காட்டி விரல் இழுக்கும். அதைப் பிடித்தால் இது போய்விடும். பாட்டு தொடங்கிய இடம் எதுவென்றே தெரியாமல் திணறுவேன். ஷிகுலு சிரிப்பாரே தவிரச் சொல்லித்தர மாட்டார்.

சொன்னது அம்மாதான். படியில் உட்கார்ந்து பீன்ஸுக்கு நார் உரித்துக்கொண்டிருந்தவள், முறத்தைக் கீழே வைத்துவிட்டுத் தொடையில் தாளம் போட்டுப் பார்த்தாள். முதலில் ஆதி போட்டாள், நிற்கவில்லை. நிறுத்தி, காதைக் கொடுத்து, மறுபடி போட்டாள்.

“கட்டைவிரல் நாலுங்கறது. இந்த விரல் மூணுங்கறது. ரெண்டும் பன்னண்டுல வந்து சேருது பாரு. நீ ரெண்டு பேர் பின்னாலயும் ஓடாதே. ஒரே இடத்துல நில்லு, அவங்க உங்கிட்ட வருவாங்க.”

நின்றேன். வந்தார்கள். ஷிகுலு வாசிப்பதை நிறுத்தாமலே தலையைத் திருப்பி அம்மாவைப் பார்த்து, “பா மாயோ!” என்றார். மறுநாள் அவர் கேட்டுக்கொண்டதற்காக அம்மா வீணையை வெளியே எடுத்துவந்தாள். அவருக்கு வர்ணத்தில் அவ்வளவு நாட்டமில்லை, கமகத்தில் இருந்தது. மெட்டின் மேலேயே கம்பியை இழுத்து அடுத்தடுத்த சுரங்களுக்கு ஏற்றுவதைக் குனிந்து பார்த்தார். தன் கிதாரில் இழுத்துப் பார்த்தபோது பிரேக் வயர் கொஞ்சமும் அசைந்து கொடுக்கவில்லை. அம்மாவுக்குப் பிடித்தது வேறு. அந்தக் கரகரப்பு. தம்புராவில் நூலை நகர்த்தி ஜீவா பிடிக்கிற மாதிரி என்றாள். அந்தப் பக்கத்தில் கலிம்பாவின் பலகையில் சோடா மூடிகளைக் குத்திவைப்பார்கள், தகட்டை மீட்டும்போது அவை சேர்ந்து அதிர வேண்டும் என்பதற்காகவே. மிசிசிப்பியில் கத்தியையும் பாட்டில் கழுத்தையும் கம்பியின் மேல் வழுக்கவிட்ட ப்ளூஸ்காரர்களும் அந்த உராய்வைத்தான் தேடினார்கள் என்று நினைக்கிறேன். தூய நாதம் என்பது உலகத்தில் எல்லோருக்கும் பொதுவான ஆசை அல்ல.

‘மசங்கா’ என்று ஒரு பாட்டு. அதைத் தொடங்குமுன் ஷிகுலு பென்சிலைச் சரிபார்த்து, மூக்கைச் சிந்தி, நிமிர்ந்து உட்கார்வார். அது கட்டங்காவின் முவெண்டா ஜான் பாஸ்கோ வாசித்தது. 1952-இல் ஹ்யூ ட்ரேசி என்பவர் ஒலிப்பதிவுச் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆப்பிரிக்கா முழுக்க அலைந்தபோது ஜாடோவில் என்ற சுரங்க ஊரில் பாஸ்கோவைக் கண்டுபிடித்துப் பதிவு செய்தார். இன்று அந்த ஊர் லிகாசி. பாஸ்கோவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அந்தத் தட்டு கென்யா வரை போய், அங்கே ஒரு தலைமுறையே இரண்டு விரலில் வாசிக்கத் தொடங்கியது. கிராமத்துத் தாளமும், கிராமபோனில் வந்த அமெரிக்க, கியூபப் பாட்டுகளும், சர்ச்சில் கேட்ட ஸ்வரக்கட்டும் அந்த இரண்டு விரலுக்குள் ஒன்றாகக் கிடந்தன. பாஸ்கோவை நேரில் பார்த்திருப்பதாக ஷிகுலு சொல்வார். கட்டங்காவுக்குப் போய்வந்த கிழவர்கள் எல்லோருமே அப்படித்தான் சொல்வார்கள் என்று அப்பா சொல்வார்.

அப்பாவுக்கு இதெல்லாம் பெரிதாகப் பிடிக்கவில்லை. சீர்காழியின் கேசட்டைப் போட்டுவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொள்வார். ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் வெளியே வந்து விழுந்து விழுந்து சிரிப்பார்: ஷிகுலுவின் கௌபாய்ப் பாட்டு. பாதி பெம்பா, பாதி எந்த மொழியென்றே தெரியாத ஆங்கிலம். நடுவில் குரலைக் கீழேயிருந்து உச்சிக்கு உடைத்து உடைத்து ஏற்றி, இறக்கி, ஒரு கூவல். யோடல். சுரங்கத்துக்காரர்களுக்குக் காட்டிய கௌபாய்ப் படங்களைப் பார்த்துப் பழகியது என்று அப்பா நினைத்தார். பாதி சரி. மறுபாதி ஒரு மனிதர்: ஜிம்மி ராட்ஜர்ஸ்.

ராட்ஜர்ஸ் மிசிசிப்பியின் மெரிடியன் ஊர்க்காரர், வெள்ளையர், ரயில்வேயில் வேலை பார்த்தவர். தண்டவாளம் போட்ட கறுப்புத் தொழிலாளர்களிடமிருந்து ப்ளூஸைப் பொறுக்கிக்கொண்டு அதன் வாலில் யோடலைக் கட்டினார். 1927-இல் முதல் ஒலிப்பதிவு, 1933-இல் காசநோயில் மரணம். நடுவில் அவர் பாடிய தட்டுகள் ஆப்பிரிக்காவின் கிராமபோன் பெட்டிகளுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டன. 1950-இல் கென்யாவின் கிப்சிகிஸ் மக்களிடம் ட்ரேசி போனபோது, அங்கே இளம்பெண்கள் ‘செமிரோச்சா’ என்று ஒருவரைப் பற்றிப் பாடினார்கள். பாதி மனிதன், பாதி மான். தட்டிலிருந்து வந்த குரலைக் கேட்டு, இப்படிக் கூவுகிறவன் முழு மனிதனாக இருக்க முடியாது என்று முடிவு கட்டியிருக்கிறார்கள். எனக்கு இது வேடிக்கைக் கதையாகப் படவில்லை. கேட்ட பாட்டைத் தங்கள் காட்டுக்குள் கூட்டிப்போய்த் தங்கள் யாழில் ஏற்றிவிட்டார்கள். அதைவிட நல்ல விமரிசனம் ராட்ஜர்ஸுக்குக் கிடைத்ததா என்ன?

ஷிகுலுவின் புகையிலை ஒரு நீல நிற வட்டத் தகர டப்பாவில் இருக்கும். அது டப்பா அல்ல, வானொலிப் பெட்டியின் கூடு. 1949-இல், வடக்கு ரொடீசியா என்ற பழைய பெயரில் நாடு இருந்தபோது, ஏழைகளும் வாங்கட்டும் என்று ஐந்து பவுண்டுக்கு விற்ற பேட்டரி வானொலி. வாணலி வடிவம் என்பதால் ‘சாஸ்பேன் ஸ்பெஷல்’ என்றே பெயர். உள்ளே இருந்ததெல்லாம் எப்போதோ செத்துவிட்டது. ஆனால் அதில் கேட்டதெல்லாம் ஷிகுலுவின் தலைக்குள் பத்திரமாக இருந்தது. புலவாயோவின் ஜார்ஜ் சிபாண்டாவை அவர் அதில்தான் கேட்டார். சிபாண்டாவின் ‘குவாபி குவாபி’யை எங்கள் தெருக் குழந்தைகள் அத்தனை பேரும் பாடுவோம். மிட்டாயும் பன்னும் வாழைப்பழமும் வாங்கித் தருகிறேன் என்று காதலியிடம் சொல்லும் பாட்டு. மிட்டாய் வரும் வரியை மட்டும் கூடுதல் சத்தத்தோடு பாடுவோம். நாட்டுப்பாடகர் உடி கத்ரியின் சீடரான ராம்ப்ளிங் ஜாக் எலியட் அமெரிக்க நாட்டுப்பாட்டு இயக்கம் கொழித்த 1964-இல் அதே பாட்டைத் தன் இசைத்தட்டில் பாடியிருக்கிறார். கல்லூரி விடுதியில் அதைக் கேட்ட அன்று, இவனுக்கு யார் எங்கள் பாட்டைக் கொடுத்தது என்று ஒரு கணம் கோபமே வந்தது. கத்ரியின் மகன் ஆர்லோவும் 1976-இல் அதைப் பாடினார். கோபப்பட்டுப் பயனில்லை. ஜிம்மி ராட்ஜர்ஸ் அனுப்பியதற்குப் பதில் மொய் என்று வைத்துக்கொள்ளலாம்.

வானொலியில் ஷிகுலு மரியாதையோடு கேட்ட இன்னொரு குரல் அலிக் ங்காட்டா. ட்ரேசியோடு சேர்ந்து ஊர் ஊராகப் போய் நாட்டுப் பாடல்களைச் சேகரித்தவர். அவற்றைக் கிதாருக்குக் கொண்டுவந்து, நகரத்தில் கூலி வேலைக்கு வந்தவர்களின் கதைகளை அதில் பாடினார். லுசாக்கா வானொலியிலேயே உத்தியோகம். சுதந்திரத்துக்குப் பிறகு அதன் தலைமைப் பொறுப்புகளிலும் இருந்தார். 1978-இல் பக்கத்து நாடான ரொடீசியாவின் (இன்றைய ஜிம்பாப்வே) படைகள் ம்குஷிப் பக்கம் நடத்திய தாக்குதலில் கொல்லப்பட்டார். எனக்கு அப்போது அரசியல் புரியாது. பெரியவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டதும், வாசலில் விளக்குப் போட வேண்டாம் என்று அப்பா சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. ஷிகுலு அன்று ‘ஷலாப்போ’ வாசித்தார். ஊருக்குப் போகிறவர்கள் இருப்பவர்களிடம் சொல்லிக்கொள்ளும் வார்த்தை அது. ங்காட்டாவின் பாட்டு.

அந்த நாட்டின் அன்றைய ஜனாதிபதியே கிதார் வாசிப்பவர். வெள்ளைக் கைக்குட்டையைப் பிடித்துக்கொண்டு பேசும் கென்னத் கௌண்டா, விடுதலைப் போராட்ட நாட்களில் கிதாரோடு சைக்கிளில் கிராமம் கிராமமாகப் போனவர் என்று பள்ளியில் சொல்லித்தந்தார்கள். அடுத்த தெரு அண்ணன்மார்கள் அவருடைய கிதாரையும் மதிக்கவில்லை, ஷிகுலுவின் கிதாரையும் மதிக்கவில்லை. பெல்பாட்டமும் மின்கிதாருமாக ஜாம்ராக் என்ற ஜாம்பியா ராக் இசை வாசித்தார்கள். பால் ங்கோசியின் பாட்டைப் போட்டு ஸ்பீக்கரைக் கிழிப்பார்கள். எனக்கு அது பிடிபடவில்லை. இன்றைக்கு அந்தத் தட்டுகளை ஐரோப்பாவில் விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் தாமிர விலை சரிந்தது. அப்பாவின் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. வீணையைப் போர்வையில் சுற்றிக்கொண்டு ஊர் திரும்பினோம். ஷிகுலு என்ன ஆனார் என்பது தெரியாது. பாஸ்கோவைப் பற்றித் தெரியும்: 1969-இல் அமெரிக்காவின் நியூபோர்ட் நாட்டுப்பாட்டு விழாவுக்குப் போய் வாசித்தவர், 1990-இல் ஜாம்பியாவில் ஒரு கார் விபத்தில் இறந்தார். எங்கள் ஊர்ப் பக்கத்துச் சாலைகளை நினைத்தால் ஆச்சரியமில்லை.

தொண்ணூறுகளில் நண்பன் ஒருவன் மாலி நாட்டின் அலி ஃபர்கா டூரேவும் கலிஃபோர்னியாவின் ரை கூடரும் சேர்ந்து வாசித்த ‘டாக்கிங் டிம்பக்டு’வைப் போட்டுக்காட்டி, “ஆப்பிரிக்காக்காரன் ப்ளூஸ் வாசிக்கறான், கேளு” என்றான். டூரேவிடம் அப்படிச் சொல்லியிருந்தால் சண்டைக்கு வந்திருப்பார். ஒற்றைக் கம்பி ஜுர்கெல்லில் தொடங்கியவர் அவர். 1968-இல் பல்கேரியாவின் சோஃபியாவில் தனக்கென்று முதல் கிதாரை வாங்கினார். அமெரிக்க ப்ளூஸ்காரர் ஜான் லீ ஹூக்கரின் தட்டை முதலில் கேட்டபோது தன் ஊர்ப் பாட்டு என்றே நினைத்தாராம். வேர் எங்களுடையது, அமெரிக்காவில் இருப்பது கிளையும் இலையும் என்பது அவர் கட்சி. நான் அந்தக் கட்சியில் முழுதாகச் சேர மாட்டேன். ஹூக்கரைக் கேட்ட பிறகு டூரேவின் கை கொஞ்சம் மாறியிருக்காது என்று யார் சொல்ல முடியும்? மரம் ஒரே இடத்தில் நிற்கும். நான் பார்த்த கிதார் கப்பலிலும் ரயிலிலும் சைக்கிளிலும் போய்க்கொண்டும் வந்துகொண்டும்தான் இருந்தது.

இதற்கெல்லாம் ‘வேர்ல்ட் மியூசிக்’ என்று பெயர் வைத்தது 1987-இல், லண்டனில் ஒரு மதுக்கடை மாடியில். சிறிய இசைத்தட்டுக் கம்பெனிக்காரர்கள் கூடி, கடைகளில் எந்த அடுக்கில் வைப்பது என்ற பிரச்சினைக்குக் கண்டுபிடித்த தீர்வு. வியாபாரத்துக்கு உதவியது, மறுப்பதற்கில்லை. ஆனால் கலவை என்பது அன்றைக்குத்தான் தொடங்கியது என்பது போன்ற பேச்சை என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. அம்மாவுக்கு 1995-இல் வந்த ஓர் ஆல்பத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ப்ளூஸ்காரர் தாஜ் மஹால், நம் சித்ரவீணை ரவிகிரண், மோகன வீணை விஸ்வ மோகன் பட் மூவரும் வாசித்தது. முழுக்கக் கேட்டுவிட்டு, “எல்லாரும் ரொம்ப மரியாதையா விலகி விலகி உக்காந்து வாசிக்கறாங்க” என்றாள். என் தீர்ப்பு அவ்வளவு கடுமை இல்லை. அம்மா சுலபத்தில் திருப்திப்படுபவள் அல்ல.

நடுவயதில் சென்னையில் ஒரு மாஸ்டரிடம் கிதார் கற்கப் போனேன். நான் கற்றிருந்தது கேட்ட ஞானம் மட்டும்தான். என் வலது கையைப் பார்த்துவிட்டு அவர் முகத்தைச் சுளித்தார். நான்கு விரலும் வேலை செய்ய வேண்டும், இது என்ன கெட்ட பழக்கம் என்றார். பதில் சொல்லாமல், தெரிந்த வரைக்கும் ‘மசங்கா’வின் முதல் சுற்றை வாசித்தேன். இன்னொரு முறை என்றார். பிறகு தன் கிதாரை எடுத்துக்கொண்டார். கட்டைவிரல் நடந்தால் ஆட்காட்டி விரலும் கூடவே நடந்தது. அதைப் பிரித்தால் இரண்டும் நின்றன. பாக் வாசிக்கிற கை அது. மேசையில் இருந்த எவர்சில்வர் டம்ளரை எடுத்து நான் தட்டத் தொடங்கினேன். அடுத்த மாணவன் வந்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வெகுநேரம் நின்றான். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஃபீஸை மட்டும் வழக்கம்போல வாங்கிக்கொண்டார்.